புறாத்தீவுத் தேசிய பூங்கா: ஒரு வெளிக்களக் கற்கை

(புவியியல் - தரம் 10, 11)



ஜூன் மாதத்து மாலையொன்றில் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஏதாவதோர் ஒழுங்கையால் நடந்து போய்ப் பாருங்கள். புகையிரதப் பாதைக்கு அருகே போடப்பட்டிருக்கும் கருங்கற்களில் அலை மோதி உடையும். தண்டவாளம் வரைக்கும் உப்புத் தூவானம் அடிக்கும். அதே நாளில், அதே நேரத்தில், திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளியில் கடல் குளத்து நீரைப்போலக் கிடக்கும். இரண்டும் இலங்கையின் கரைகள்தான். ஏன் இந்த வேறுபாடு?

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசுகின்றது. இந்து சமுத்திரத்தைக் கடந்துவரும் அக்காற்று நேரே மோதுவது கொழும்பு, காலி முதலான கரைகளில். ஆகவே இங்கு கடல் கொந்தளிக்கும், மழையும் பெய்யும். மத்திய மலைநாட்டைக் கடந்து கிழக்கே போகும்போது அதன் ஈரம் குறைந்துவிடும். நிலாவெளியில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதனால் கரையோரத்தில் பெரிய அலைகள் எழுவதில்லை. டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழாகும். அப்போது வீசுவது வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று. அது வங்காள விரிகுடாவிலிருந்து நேராகக் கிழக்குக் கரையில் வந்து மோதும்.

இவ்வளவும் உங்களுக்குப் பாடம். எனக்கும் பாடம்தான். இருந்தும், சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் நடந்துகொண்டிருந்த காலத்தில், பரீட்சை முடிந்த கையோடு என் கொட்டாஞ்சேனை வகுப்பு மாணவரை புறாத்தீவுக்குக் கூட்டிப்போக நான் பஸ் ஒழுங்கு செய்தேன். இரவு முழுவதும் பயணம் செய்து காலையில் நிலாவெளியில் இறங்கினால், வள்ளங்கள் எல்லாம் கரையில் மேட்டுக்கு இழுத்து வைக்கப்பட்டிருந்தன. கடலில் ஒரு படகும் இல்லை. தீவு ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கண்முன்னே தெரிகிறது, போக முடியாது. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் மெதுவாகக் கேட்டான்: "சேர், வடகீழ்ப் பருவக்காற்று எந்த மாதம் என்று சொன்னீங்கள்?" பன்னிரண்டு வருடம் படிப்பித்தவனுக்குப் பதில் வரவில்லை. பருவப்பெயர்ச்சி என்பது வினாத்தாளுக்காக மட்டும் எழுதப்பட்ட விடயமன்று என்பதை அன்று கற்றது நான்தான். அடுத்த வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் மறுபடியும் போனோம். இக்கட்டுரை அந்த இரண்டாம் பயணத்தை வைத்து எழுதப்படுகின்றது.

அமைவிடமும் பரப்பும்

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பகலில் போவதாயின் யன்னலோரத்தில் இருந்து கவனியுங்கள். குருநாகல் வரை தென்னை, ஈரமான பச்சை. தம்புள்ளையைத் தாண்டப் பற்றைக்காடும் குளங்களும். ஈரவலயத்திலிருந்து உலர்வலயத்துக்குள் நுழைவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பயணங்கள் குறைவு. திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி வழியாக வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் நிலாவெளி. அக்கரைக்கு எதிரே ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவில் கடலுக்குள் இருப்பதே புறாத்தீவு. ஊர்மக்கள் புறாமலை என்றும் சொல்வார்கள். பாலமோ கப்பல்துறையோ கிடையாது. படகில் மட்டுமே போகலாம்.

பெரிய புறாத்தீவு, சிறிய புறாத்தீவு என இரண்டு தீவுகள் உண்டு. பெரியது ஏறக்குறைய 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 44.8 மீற்றர் உயரம். சிறியதைச் சுற்றிலும் பாறைத்திட்டுக்கள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழ்வதனால் இப்பெயர் வந்தது. நகரத்துக் கட்டடங்களில் நாம் காணும் புறாக்களின் மூதாதையர் இவ்வகைக் காட்டுப் புறாக்களே. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓரிடத்தின் பெறுமதி காலத்துக்குக் காலம் எப்படி மாறுகின்றது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இப்போது 1:50,000 அளவுத்திட்டத்திலான இடவிளக்கப் படத்தை நினைவில் கொண்டுவாருங்கள். 1 கிலோமீற்றர் என்பது படத்தில் 2 சென்ரிமீற்றர். ஆகவே நிலாவெளிக் கரையிலிருந்து தீவு 2 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். தீவின் நீளமோ 4 மில்லிமீற்றர்தான். ஒரு நெல்மணியை விடச் சிறிது.

ஆனால் தேசிய பூங்காவின் பரப்பு 471 ஹெக்டெயர். இங்குதான் கவனம் தேவை. 200 மீற்றரையும் 100 மீற்றரையும் பெருக்கினால் 20,000 சதுர மீற்றர், அதாவது 2 ஹெக்டெயர். மீதி எங்கே? மீதியெல்லாம் கடல். பூங்காவில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தரை இல்லை. "புறாத்தீவு தேசிய பூங்கா என்பது ஒரு தீவு" என்று எழுதும் மாணவர் பாதி விடையைத்தான் எழுதுகின்றார். அது கடற்பரப்பொன்றின் பூங்கா. அக்கடலின் அடியில் இருப்பதைக் காப்பதற்காகவே பூங்கா, தீவு அதன் நடுவே இருக்கும் ஒரு சிறு மேடு.

கல் அல்ல

நிலாவெளிக் கடற்கரையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். பிறகு உயிர்க்காப்பு அங்கி அணிந்துகொண்டு இயந்திரம் பூட்டிய பிளாஸ்ரிக் இழைப் படகில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். அங்கி அணியாமல் ஏறாதீர்கள். நீந்தத் தெரியும் என்று சொல்பவர்களே முதலில் அணிய வேண்டியவர்கள்.

தீவில் கால் வைத்தவுடன் ஒரு சத்தம் கேட்கும். உடைந்த ஓட்டுத் துண்டுகளின் மேல் நடப்பது போல. கரை முழுவதும் வெள்ளை வெள்ளையாக விரலளவு துண்டுகள். அவை மணலும் அல்ல, சங்கும் அல்ல. இறந்த முருகைக்கற்களின் துண்டுகள் அலையால் ஒதுக்கப்பட்டுக் குவிந்திருக்கின்றன. அக்கரையே அவற்றால் ஆனது.

கரையிலிருந்து சில மீற்றர் தூரத்திலேயே உயிருள்ள முருகைக்கற்பாறை தொடங்குகின்றது. நீர் ஆழம் பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு. முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் பொருத்திக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்தால் போதும், சுழியோட வேண்டியதில்லை. மான்கொம்பு போலக் கிளைத்தவை, மேசை போல விரிந்தவை, மூளை போல மடிப்பு விழுந்தவை. இடையிடையே கிளிமீன்களும் வண்ணாத்திப்பூச்சி மீன்களும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் ஆமை. சில வேளைகளில் துடுப்பின் நுனி கறுத்த சுறாக்குட்டிகள் ஆழமற்ற நீரில் வட்டமிடும். அவற்றை நெருங்காமலும் துரத்தாமலும் இருந்தால் அவையும் விலகிப் போய்விடும்.

எங்கள் மாணவன் ஒருவனுக்குக் கண்ணாடிக்குள் நீர் புகுந்துவிட்டது. பதறிப்போய், காலுக்குத் தட்டுப்பட்ட ஒரு திட்டின்மேல் ஏறி நின்றுகொண்டான். படகோட்டி ஒரு விசில் அடித்தார். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் வைத்தார்:

"தம்பி, அது கல் இல்ல! காலை எடுங்கோ!"

மாணவனுக்குக் குழப்பம். என்னிடம் வந்து கேட்டான், "முருகைக்கல் என்றுதானே சேர் படிச்சனாங்கள்?"

அவனில் பிழை இல்லை. பெயரிலேயே கல் இருக்கின்றது. பாறை என்றும் சொல்கின்றோம். கல்லின்மேல் ஏறி நின்றால் கல்லுக்கு என்ன ஆகும் என்றுதான் எவரும் நினைப்பார். அதனால் முருகைக்கல் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் ஒழுங்காக விளங்கிக்கொள்வோம்.

முருகைக்கல்லை உருவாக்குவது பொலிப்பு எனப்படும் மிகச் சிறிய விலங்கு. (தாவரம் என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் இருக்கிறார்கள்.) அது கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டிக்கொள்கின்றது. ஆயிரக்கணக்கான பொலிப்புகள் அருகருகே கட்டும் கூடுகள்தான் நாம் காணும் உருவம். உயிர் இருப்பது அதன் மேற்பரப்பில் மட்டும், மெல்லிய தோல் போல. உள்ளே இருப்பது முன்னோர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு. ஆகவே ஒரு பாதம் அழுத்தும்போது நசுங்குவது உயிருள்ள அந்தத் தோல். கிளைத்த வகையென்றால் கிளையே முறிந்துவிடும்.

இப்பொலிப்பு தனியே வாழ்வதில்லை. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதில் பெரும்பங்கைப் பொலிப்புக்குக் கொடுக்கின்றன. நிறமும் பெரும்பாலும் அவை கொடுத்ததே. இந்த ஒரு விடயம் விளங்கினால் முருகைக்கற்பாறை வளர்வதற்கான நிபந்தனைகளைப் பாடமாக்க வேண்டியதில்லை. பாசிக்கு ஒளி வேண்டும், ஆகவே நீர் தெளிவாகவும் ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆறு கொண்டுவரும் சேறு ஒளியை மறைக்கும், நன்னீர் உவர்ப்பைக் குறைக்கும், ஆகவே பெரிய ஆற்றுமுகங்களுக்கு அண்மையில் அது வளர்வதில்லை. நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 23 முதல் 29 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது, ஆகவே அயனமண்டலக் கடல்களிலேயே பெரிதும் காணப்படுகின்றது.

வளர்ச்சி வேகத்தையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். கிளைத்த வகைகள் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடும். உருண்டை வகைகள் வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர் அளவில், பலவேளை அதற்கும் குறைவாக வளரும். ஒரு உதைபந்தின் விட்டம் 22 சென்ரிமீற்றர். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வளர்வதனால், உதைபந்து அளவான உருண்டை முருகைக்கல் ஒன்று அந்நிலையை அடைய 11 வருடம் அல்லது அதற்கு மேல் சென்றிருக்கும். மாணவன் ஏறி நின்ற திட்டு அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அவனை விட அது வயதில் மூத்தது என்று சொன்னேன். பிறகு அவன் தீவை விட்டுப் புறப்படும்வரை நீருக்குள் இறங்கவில்லை. அது எனக்கு மனவருத்தம்தான். மணலில் நின்று கண்ணாடியைச் சரிசெய்வது எப்படி என்று முன்கூட்டியே நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டும் நடந்திராது.

ஹிக்கடுவையும் பெரலியவும்

"முருகைக்கற்பாறையால் மனிதனுக்கு என்ன பயன்?" என்று வினா வந்தால் பெரும்பாலானோர் உல்லாசப் பயணம், மீன்வளம் என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். அவை சரிதான். கடலடியில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலுள்ள முருகைக்கற்பாறைகளை நம்பிக் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய நான்கிலொன்று வாழ்கின்றது. ஆனால் மூன்றாவது பயனை விளங்கிக்கொள்ள மேற்குக் கரைக்குத் திரும்பி வர வேண்டும்.

வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் நீங்கள் காணும் கரையோரப் பாதை தெற்கே காலி, மாத்தறை வழியாகப் போகின்றது. 2004 டிசம்பர் 26 காலை, கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட 'சமுத்திர தேவி' புகையிரதம் இப்பாதையால்தான் போயிற்று. ஹிக்கடுவைக்குச் சற்று வடக்கே பெரலிய என்னும் இடத்தில் சுனாமியின் முதல் அலை வந்து அது நின்றது. ஊர்மக்களும் பாதுகாப்புத் தேடி அதற்குள் ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்விடத்தில் இறந்தனர்.

பின்னர் இக்கரையை அளந்து பார்த்த ஆய்வாளர்கள் 2005 இல் ஒரு விடயத்தை எடுத்துக்காட்டினர். பெரலியவில் அலை ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்தில் வந்து 1.5 கிலோமீற்றர் வரை உள்ளே புகுந்தது. சில கிலோமீற்றர் தெற்கே, முருகைக்கற்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 - 3 மீற்றர் அளவில் வந்து 50 மீற்றர் தூரத்தோடு நின்றது. பெரலியவுக்கு எதிரேயுள்ள கடலில் நெடுங்காலமாக முருகைக்கல் அகழப்பட்டு வந்திருந்தது. எதற்காக? சுண்ணாம்புச் சூளைகளுக்காக. வீட்டுச் சுவருக்குப் பூசும் சுண்ணாம்புக்காக.

ஒரு எச்சரிக்கை. "முருகைக்கற்பாறை இருந்தால் சுனாமி வராது" என்று எழுதிவிடாதீர்கள். சுனாமியைத் தடுக்க எதனாலும் முடியாது. கடலடியின் வடிவமும் கரையின் அமைப்பும்கூட அலையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அன்றாட அலைகளைப் பொறுத்தவரை ஐயம் இல்லை. உலகின் பல பகுதிகளின் தரவுகளைத் திரட்டி 2014 இல் வெளியான ஆய்வொன்று, முருகைக்கற்பாறைகள் அலைச் சக்தியில் சராசரியாக 97 வீதத்தைக் குறைப்பதாகக் காட்டியது. கரையில் கருங்கல் போட்டு அலையைத் தடுக்கும் செலவை வெள்ளவத்தையில் இருக்கும் நீங்கள் தினமும் காண்கிறீர்கள். அதே வேலையைச் செலவில்லாமல் செய்யும் சுவர் அது.

தமிழ்நாட்டின் பக்கம் மன்னார் வளைகுடாவிலும் இதே கதை உண்டு. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986 இல் கடல்சார் தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. சுற்றியிருந்த முருகைக்கற்களை அகழ்ந்தெடுத்தது அதற்கு முக்கிய காரணமாகக் கொள்ளப்படுகின்றது. தீவைச் சுற்றியிருக்கும் சுவரை எடுத்தால் தீவும் போய்விடும். 4 மில்லிமீற்றர் தீவை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

ஹிக்கடுவை 1979 இல் சரணாலயமாகவும் 2002 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் 1998 இல் எல்நினோவினால் கடல்நீர் சூடேறியபோது அங்கிருந்த முருகைக்கற்களில் பெரும்பகுதி வெளிறி இறந்தது. நீர் வழமையைவிட ஒன்றிரண்டு பாகை கூடிச் சில வாரங்கள் அப்படியே இருந்தால், பொலிப்பு தன் உடலிலுள்ள நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளையாகும். அதையே வெளிறல் என்கிறோம். வெளிறியது உடனே இறந்ததாகாது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி வரலாம். குளிராவிட்டால் பட்டினியால் இறக்கும்.

1998 இல் திருகோணமலைப் பகுதி பெரிதும் தப்பியது. அதனால்தான் இலங்கையில் எஞ்சியுள்ள நல்ல முருகைக்கற்பாறைகளில் ஒன்றாகப் புறாத்தீவு பேசப்படுகின்றது. இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுத மாணவர் தயங்குவார்கள். யுத்த காலத்தில் அங்கு போய்வருவது கடினமாக இருந்தது. வெடிவைத்து மீன்பிடித்தல் போன்ற சேதங்கள் திருகோணமலைக் கடலில் இருந்தன என்றாலும், உல்லாசப் பயணிகளின் கூட்டம் இருக்கவில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தபின் பாதைகள் திறந்தன, கூட்டம் வந்தது. திறந்தது நல்லதுதான். எங்களைப் போன்றவர்கள் போக முடிந்ததே அதனால்தான். ஆனால் 1 கிலோமீற்றர் கடல் இதுவரை கொடுத்த பாதுகாப்பு, பத்து நிமிடப் படகோட்டத்தில் முடிந்துவிடுகின்றது.

சட்டம் எங்கே நிற்கின்றது?

புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. வேறுபாட்டைத் தெளிவாக எழுதுங்கள். சரணாலயத்தினுள் தனியார் காணிகளும் மனிதரின் வாழ்க்கையும் இருக்கலாம். தேசிய பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டுடன் பார்வையிடப் போகலாம், எதையும் எடுக்க முடியாது. இதைவிட 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்த அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் உள்ளன.

யால காட்டில் வாகனத்தை விட்டு இறங்காதே என்று சொல்லலாம். இறங்கினால் யானை இருக்கிறது என்ற பயமும் உண்டு. கடலில் அப்படியில்லை. இறங்குவதற்காகவே போகிறோம், மிதிபடும் விலங்கு சத்தம் போடுவதில்லை. அனுமதிச்சீட்டுக் கொடுப்பவர் கரையில் நிற்கின்றார். நீருக்குள் ஒவ்வொரு காலுக்கும் ஒரு காவலரை வைக்க முடியாது. பிரகடனம் வேறு, பாதுகாப்பு வேறு. "பாதுகாப்பதற்கான வழிமுறைகள்" என்ற வினாவுக்கு "சட்டம் இயற்றல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் பழக்கத்தை விடுங்கள். சட்டம் இருக்கின்றது, அது நீருக்கடியில் எப்படிச் செயற்படும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பரீட்சகர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

நீங்கள் போவதாயின்: நீரில் இறங்கும் இடத்தில் வெறும் மணல் எங்கே இருக்கின்றது என்று முதலில் பார்த்துவையுங்கள். நிற்க வேண்டி வந்தால் அங்கு வந்து நில்லுங்கள். களைத்தால் உயிர்க்காப்பு அங்கியோடு மல்லாந்து மிதக்கலாம். அதைக் கரையோரத்தில் ஐந்து நிமிடம் பழகிக்கொண்டு போவது நல்லது. மீனுக்குப் பாண் துண்டு போட வேண்டாம். முருகைக்கல்லின் மேல் படரும் பாசியைத் தின்று அதைத் துப்புரவாக வைத்திருப்பவை அம்மீன்களே, பாணுக்குப் பழகினால் அந்த வேலை நின்றுவிடும். சொப்பிங் பையும் வெற்றுப் போத்தலும் காற்றில் பறந்தால் கடலுக்குத்தான் போகும், ஆமைக்கு அது சொறிமுட்டை போலத் தெரியும்.

கரையில் கிடக்கும் செத்த துண்டைத்தானும் எடுக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். கையில் அழகான ஒன்று இருந்தது, வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கலாம். செத்ததுதானே, யாருக்கும் நட்டமில்லையே? நான் நேராகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கரை எதனால் ஆனது என்று திருப்பிக் கேட்டேன். அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எடுத்த இடத்துக்கே போய் வைத்துவிட்டு வந்தாள். சட்டமும் அதையே சொல்கின்றது என்பதைப் பஸ்ஸில்தான் சொன்னேன்.

விடை எழுதும் முறை

"இலங்கையின் முருகைக்கற்பாறைகள் எதிர்நோக்கும் பிரச்சினைகளை விளக்குக" என்பது போன்ற வினா வந்தால், மனிதச் செயற்பாடு, இயற்கை என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதே வழமை. அது போதாது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஓரிடத்தைச் சேர்த்து எழுதுங்கள். அகழ்வு என்றால் பெரலிய. வெளிறல் என்றால் 1998, ஹிக்கடுவை. மிதிபடுதல் என்றால் புறாத்தீவு. இன்னொன்று: வெளிறலை முழுக்க இயற்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்நினோ இயற்கை நிகழ்வு. ஆனால் அது வருவதற்கு முன்னரே கடல் சூடேறியிருப்பது நாம் எரிக்கும் எரிபொருளால். உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு நடைபெறுவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 1998 இல் தப்பியது போலத் திருகோணமலை ஒவ்வொரு முறையும் தப்பும் என்று எவரும் உறுதி சொல்லவில்லை.

படம் வரையச் சொன்னால் இலங்கைப் படத்தில் புறாத்தீவைத் திருகோணமலைக்கு வடக்கே, கரைக்கு வெளியே குறியுங்கள். பெரிய புள்ளி வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. புறாத்தீவுத் தேசிய பூங்காவின் பரப்பு 471 ஹெக்டெயர் ஆகவும், பெரிய தீவின் பரப்பு 2 ஹெக்டெயர் ஆகவும் இருப்பின், அத்தீவு பூங்காவின் எத்தனை வீதம்? அதிலிருந்து இப்பூங்காவின் நோக்கம் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வரலாம்?

2. பெரிய ஆற்றுமுகங்களுக்கு அண்மையில் முருகைக்கற்பாறைகள் வளராமைக்கு இரண்டு காரணங்கள் தந்து, ஒவ்வொன்றையும் நுண்பாசியுடனோ பொலிப்புடனோ தொடர்புபடுத்தி விளக்குக.

3. சரணாலயம், தேசிய பூங்கா ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை எழுதுக. புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாக மாற்றப்பட்டதால் ஏற்பட்ட நன்மை ஒன்றையும், சட்டத்தால் மட்டும் தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்றையும் குறிப்பிடுக.

4. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் டிசம்பர் மாத இறுதியில் மாணவர்களைப் புறாத்தீவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடுகின்றார். அவருக்கு நீங்கள் கூறும் ஆலோசனையைக் காரணங்களுடன் எழுதுக.

(நான்காம் வினாவுக்குரிய விடையை எழுதி முடித்ததும் என்னிடம் காட்ட வேண்டாம். எனக்கு அது தெரியும்.)